வில்லுக்கு நானா, எனக்கு வில்லா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கைத்தொலைபேசியில் ஒரு படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அளவெடுத்து நெடுவில் செய்து தரும் ஓர் அண்ணன் அனுப்பிய படிவம் அது. மொத்தம் பத்துக் கேள்விகள். இரண்டு கைகளையும் விரித்தால் எவ்வளவு நீளம், எத்தனை பவுண்டு வேண்டும், எந்த மரம், கைப்பிடிக்கு என்ன தோல், பெயர் பொறிக்க வேண்டுமா... எல்லாம் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் நான் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன்.

"எந்தக் கை? வலதா, இடதா?"

எனக்கு வயது 22. இதை ஒருவர் என்னிடம் கேட்பது அதுதான் முதல் தடவை.

நான் இடக்கைக்காரன். சின்ன வயதில் சோற்றில் இடது கையை வைத்ததும் ஒரு தட்டு விழும். "பீச்சாங்கையில சாப்பிடாதே" என்ற வார்த்தையைக் கேட்டே வளர்ந்தவன். அதில் எனக்குப் பெரிய வருத்தமெல்லாம் இல்லை. இன்றைக்கும் கோயிலில் விபூதியை வலது கையில்தான் வாங்குகிறேன், வாங்கிக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் கத்தரிக்கோல், பள்ளியில் எழுத்துப் பலகை வைத்த நாற்காலி, பட்டறையில் கடைசல் இயந்திரம் என்று எல்லாமே வலது கைக்காரர்களுக்காகச் செய்தவை. நான் பழகிக்கொண்டேன். பழகிக்கொண்டேன் என்பதையே மறந்தும் போனேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்தில் வில்வித்தைக் கிளப்பில் சேர்ந்தபோதும் இதே கதைதான். கிளப்பில் இருந்த பொது வில் அத்தனையும் வலது கை வில். இடது கையில் வில்லைப் பிடித்து, வலது கையால் நாண் இழுக்க வேண்டும். நானும் அப்படியே எய்தேன். அம்பு எப்போதும் இலக்குக்கு இடது பக்கமாகவே போய் விழுந்தது. "ஃபோகஸ் இல்ல" என்றார்கள். "தினமும் தியானம் பண்ணு" என்றார்கள். பண்ணினேன். மனம் அமைதியாச்சு. அம்பு மட்டும் இடது பக்கமே போச்சு.

ஒரு நாள் ஒரு மூத்த மாணவர் சின்ன சோதனை ஒன்று செய்தார். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு இடையில் ஒரு சிறிய முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலது கண்ணை மூடியபோது பொருள் அங்கேயே இருந்தது. இடது கண்ணை மூடியதும் காணாமல் போனது. அதாவது என் மூளை குறி பார்ப்பது இடது கண்ணால். அம்பின் பின்முனையோ என் வலது கண்ணுக்குக் கீழே இருக்கிறது. இடது கண் அம்பின் முன்முனையை இலக்கோடு சேர்த்து வைக்கும்போது அம்பு கோணலாகத்தான் நிற்கும். தியானத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது வடிவியல் கணக்கு.

அதற்குப் பிறகுதான் எனக்கென்று அளவெடுத்து ஒரு வில் செய்துகொண்டால் என்ன என்ற ஆசை வந்தது. ஆசை வந்த பிறகு கேள்வியும் வந்தது. இது சரியா? ஒரு மனிதன் தனக்கு ஏற்ற கருவியைக் கேட்க வேண்டுமா, இல்லை கருவிக்கு ஏற்ப தன்னை மாற்றிக்கொள்ள வேண்டுமா? கேள்வி வில்லைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டதால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பக்கத் தட்டு

நெடுவில் என்பது ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு இருக்கும் வில். குறிபார்க்கும் கருவியோ கப்பியோ எதுவும் கிடையாது. பார்க்க ஒரு குச்சி, ஒரு கயிறு. ஆனால் உள்ளே நடப்பது நாங்கள் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் உத்தரம் வளைதல்தான். நாணை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம், அதாவது வில்லின் முதுகு, நீட்டப்படுகிறது. நம்மைப் பார்க்கும் பக்கம், அதாவது வயிறு, அமுக்கப்படுகிறது. வில் செய்பவர் மரத்தைச் சீவிச் சீவித்தான் இழுவிசையைக் குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவருகிறார். தடிப்பை 10 சதவீதம் குறைத்தால் விறைப்பு 27 சதவீதம் போய்விடும், ஏனென்றால் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு சீவலும் முக்கியம். சீவியதை ஒட்ட வைக்கவும் முடியாது.

கடையில் வாங்கும் வில்லின் பவுண்டு கணக்கு வழக்கமாக 28 அங்குல இழுப்புக்குச் சொல்லப்படுவது. என் கைவிரி நீளம் 188 சென்டிமீட்டர். அதை 2.5-ஆல் வகுத்தால் என் இழுப்பு நீளம் கிட்டத்தட்ட 29 அரை அங்குலம் வருகிறது. கிளப்பில் இருக்கும் குட்டையான வில்லை நான் முழுசாக இழுக்கும்போது கடைசி ஓர் அங்குலத்தில் பாரம் திடீரென்று ஏறும், நாண் விரலைக் கிள்ளும். எனக்கென்று செய்தால் நீளம் கூட்டிச் செய்வார்கள், அந்தத் தொல்லை இருக்காது. அம்பு உட்காரும் சின்னப் படியை இடது கைக்காரருக்கு ஏற்ற பக்கத்தில் வெட்டுவார்கள். நம் ஊர்க் காற்றில் எந்நேரமும் ஈரம். தனி மரத்தில் செய்த வில் அந்த ஈரத்தைக் குடித்துச் சோம்பிவிடும். மூங்கில் பட்டைகளுக்கு இரு பக்கமும் கண்ணாடி இழை ஒட்டிச் செய்தால் அந்தப் பயமும் குறைவு. வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடக் கூடாது, பசை இளகிவிடும்.

ஆக, வேண்டும் என்பதற்குக் காரணங்கள் உண்டு: கண், கை, உயரம், ஊரின் சீதோஷ்ணம்.

இன்னொரு பக்கத் தட்டு

முதலில் காசு. என் மனதில் இருந்த வில்லுக்கு அந்த அண்ணன் சொன்ன விலை 1,800 ரிங்கிட். எட்டு மாதம் பாசார் மாலாமில் மாமாவின் கடையில் நின்று சேர்த்த பணம் சரியாக அவ்வளவுதான் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "வில்லு வாங்குற காசுல ஒரு வாஷிங் மெஷினே வாங்கலாம்" என்றார். எங்கள் வீட்டு மெஷின் துவைக்கும், ஆனால் பிழியாது. அம்மா கையால் பிழிந்துதான் காயப்போடுகிறார்.

இரண்டாவது, பகிர முடியாது. கிளப் வில்லை முப்பது பேர் எய்கிறோம். எனக்காகச் செய்த இடது கை வில்லை யார் எடுப்பார்கள்?

மூன்றாவது, அது இன்றைய எனக்காகச் செய்யப்படும் வில். அடுத்த வருடம் என் தோள் பலம் மாறும், பழக்கம் மாறும். வில்லின் பவுண்டைக் கொஞ்சம் குறைக்கலாம், கூட்ட முடியாது.

நான்காவதை என் நண்பன் ஒருவன் சொன்னான். "ஏகலைவன் மண்ணுல குரு பொம்மை செஞ்சு வெச்சுக் கத்துக்கிட்டான். உனக்கு அளவு எடுத்து வில்லு வேணுமாக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. உண்மையிலேயே நான் உழைக்காமல் சாக்குத் தேடுகிறேனோ?

ஐந்தாவது தான் கனமானது. அது அப்பா.

அப்பா போர்ட் கிள்ளானிலிருந்து கொள்கலன் லாரி ஓட்டுகிறார். 22 வருடம், ஏறக்குறைய என் வயது. அவருக்கு முதுகு வலி உண்டு. வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் தரையில் மல்லாந்து படுப்பார், பத்து நிமிடம் பேச மாட்டார். படிவத்தைப் பற்றி நான் சொன்னபோதும் அப்படித்தான் படுத்திருந்தார்.

"எந்தக் கைன்னு கேக்குறானா?" என்றார். "பரவால்லையே. எனக்கு சீட்டு எப்படி இருக்குன்னு இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல."

"நீங்க சொன்னதுண்டாப்பா?"

கொஞ்ச நேரம் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லலாம்னே தோணலடா."

அந்த ஒரு வரி என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது. அப்பா தன் முதுகை லாரிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். நான் ஒரு விளையாட்டுக்காக என் உடம்புக்கு ஏற்ற வில் கேட்கிறேன். இது நியாயமா? இல்லை, அப்பா கேட்காமல் இருந்ததுதான் தவறா?

பாட்டியும் பால்மரமும்

வீட்டில் இன்னொரு இடக்கைக்காரர் உண்டு என்பது இந்தப் பேச்சில்தான் எனக்குத் தெரிய வந்தது. பாட்டி. மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், "நானும் நொட்டாங்கைதான்யா. தோட்டத்துல மாத்திக்கிட்டேன்" என்றார். எனக்கு ஆச்சரியம். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பல வருடம் பால்வெட்டு வேலை செய்தவர்.

"யாரு பாட்டி மாத்தச் சொன்னா? கங்காணியா?"

"கங்காணி என்ன சொல்றது? மரம் சொல்லிச்சு."

பாட்டி சொன்னதன் அர்த்தம் பிறகு படித்தபோதுதான் புரிந்தது. பால்மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லை. கீழிருந்து மேலே போகும்போது லேசாக வலது பக்கம் சாய்ந்து போகின்றன. அதனால் இடது பக்கம் உயரமாகத் தொடங்கி வலது பக்கம் தாழ இறங்கும்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடுதலாக வரும். இதில் வெட்டுபவரின் வசதிக்கு இடமில்லை. மரத்தின் இயல்பு அது. நூறு கங்காணி வந்தாலும் மரம் திரும்பி நிற்காது. பாட்டிதான் திரும்ப வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோடு தெரிந்தது. உலகத்தில் சில விஷயங்கள் இயல்பிலேயே அப்படி. அதற்கு நாம் வளைவதில் இழிவு ஒன்றும் இல்லை. அதுதான் அறிவு. ஆனால் வேறு சில விஷயங்கள் யாரோ ஒருவர் தன் வசதிக்கு அப்படிச் செய்து வைத்தவை. கிளப் வில்லில் அம்பு வைக்கும் படி இந்தப் பக்கம் இருப்பது எந்த மரத்தின் இயல்பும் இல்லை. நிறையப் பேர் வலது கைக்காரர் என்பதால் அந்தப் பக்கம் வெட்டினார்கள், அவ்வளவுதான். மரத்துக்கு வளைவது வேறு, வழக்கத்துக்கு வளைவது வேறு. நாம் பல நேரம் இரண்டாவதையும் முதலாவதுபோல நினைத்து, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

இரண்டு உடம்புகள்

வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம். 1545-இல் இங்கிலாந்தின் தென்கரைக்குப் பக்கத்தில் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. 1982-இல் அதைத் தூக்கி எடுத்தார்கள். அந்தக் கப்பலிலிருந்து 170-க்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. இன்று அவை போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் இழுவிசை 100 பவுண்டுக்கும் மேலே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நான் இப்போது எய்வது 30 பவுண்டு! அந்தக் கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்தபோது, பலருடைய தோள்பட்டை எலும்பின் முனை மற்றதோடு சேராமல் தனியாகவே நின்றிருப்பதைக் கண்டார்கள். சின்ன வயதிலிருந்தே கனமான வில்லை இழுத்துப் பழகியதன் அடையாளமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அங்கே வில் உடம்பைச் செய்திருக்கிறது. அரசனுக்குப் போர்வீரன் வேண்டும், அதற்கு ஏற்ப எலும்பு வளைய வேண்டும்.

இனி நம் காலத்து உடம்பு ஒன்று. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தைச் சேர்ந்த ஷீத்தல் தேவியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2007-இல் பிறந்தவர். பிறவியிலேயே இரண்டு கைகளும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் வில்லைப் பிடித்துத் தூக்கி, தோளால் நாணை இழுத்து, தாடையின் பலத்தில் அம்பை விடுகிறார். இதற்காக அவருடைய தோளில் பொருத்தும் கருவியை அவருக்கென்றே வடிவமைத்தார்கள். அவர் எய்வது கப்பி வைத்த காம்பவுண்டு வில், நெடுவில் இல்லை. ஆனால் என் கேள்விக்கு அவரைவிடத் தெளிவான பதில் வேறு கிடையாது. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார்.

அந்தக் கருவி அவருடைய உழைப்பைக் குறைத்ததா? நினைத்துப் பாருங்கள். காலால் வில்லைத் தூக்கி அசையாமல் நிறுத்துவதற்கு எத்தனை ஆயிரம் தடவை பயிற்சி வேண்டும்! கருவி எடுத்துப் போட்டது உழைப்பை அல்ல, உழைக்கவே விடாமல் நின்ற தடையை. தடை போன பிறகுதான் உழைப்பே தொடங்கியது.

என் நண்பனுக்கும் இப்போது பதில் சொல்லலாம். ஏகலைவனிடம் இல்லாதது குரு. வில்லும் கையும் கண்ணும் அவனுக்கு ஒத்துத்தான் இருந்தன. அவன் கதையில் நாம் அவனுடைய பக்தியை மட்டும் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குரு கிடைக்காமல் போனது யாரால், கட்டை விரல் போனது யாரால் என்று ஒரு கணமாவது நின்று கேட்க வேண்டாமா? இன்னொன்று. அர்ஜுனனுக்கு சவ்யசாசி என்று ஒரு பெயர் உண்டு. இடது கையாலும் அம்பு எய்ய வல்லவன் என்று பொருள். பீச்சாங்கை என்று நாம் தட்டிவிடும் கையை மகாபாரதம் பட்டமாகச் சூட்டியிருக்கிறது.

மேருவை வில்லாக்கியவர்

அப்படியானால் 1,800 ரிங்கிட் வில்லை உடனே ஆர்டர் செய்துவிடலாமா? இங்கேதான் எனக்கு ஒரு கதை குறுக்கே வந்தது. எங்கள் ஊர் பெயர் மேரு. கிள்ளான் பக்கம். புராணத்து மேரு மலைக்கும் எங்கள் ஊருக்கும் உறவு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மேரு என்றதும் எனக்கு நினைவு வருவது திரிபுர சம்ஹாரம்.

உலகத்திலேயே பெரிய 'அளவெடுத்துச் செய்த வில்' அதுதானே! மூன்று அசுரர்களின் மூன்று பறக்கும் கோட்டைகளை அழிக்கச் சிவபெருமானுக்காகத் தேவர்கள் தயாரித்தது. பூமி தேர், சூரிய சந்திரர் சக்கரம், பிரமன் தேரோட்டி, மேரு மலை வில், வாசுகி நாண், திருமால் அம்பு. எல்லாம் தயார். அப்போது ஒவ்வொருவர் மனதிலும் 'நான் இல்லாமல் இது நடக்காது' என்ற எண்ணம் எட்டிப் பார்த்ததாம். சிவன் வில்லை வளைக்கவே இல்லை, லேசாகச் சிரித்தார். மூன்று கோட்டையும் எரிந்து போயின. தமிழ்நாட்டில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் திருவதிகை வீரட்டானம் இது நடந்த தலமாகப் போற்றப்படுகிறது.

கருவி எத்தனை சிறப்பாக இருந்தாலும் வேலை அதனால் நடப்பதில்லை என்பது அந்தச் சிரிப்பின் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு என் படிவத்தை மறுபடி படித்தேன். வெட்கமாக இருந்தது.

இழுவிசை: 50 பவுண்டு என்று போட்டிருந்தேன். ஏன்? வலது கையில் 30 பவுண்டு எய்பவன், இடது கையில் புதிதாகத் தொடங்கப்போகிறவன், எதற்கு 50? கிளப்பில் நாலு பேர் "ஃபிஃப்டியா!" என்று வாய் பிளக்க வேண்டும், அதற்காக. மரம்: கடல் கடந்து வரும் விலை உயர்ந்த மரம். வில்லின் நுனி: மாட்டுக் கொம்பு. பெயர்: தங்க எழுத்தில் என் முழுப் பெயர். இவற்றில் எதுவும் என் கண்ணையோ கையையோ உயரத்தையோ சார்ந்தது இல்லை.

ஆக, ஒரே வில்லுக்குள் மூன்று விதமான கோரிக்கைகள் இருந்தன. தடையை நீக்கக் கேட்டது: இடது கைப் படி, என் நீளத்துக்கு ஏற்ற அளவு. உழைப்பைத் தாண்டிக் குதிக்கக் கேட்டது: பயிற்சி செய்து எட்ட வேண்டிய 50 பவுண்டை முதல் நாளே கையில் வைத்திருப்பது. பெயருக்காகக் கேட்டது: மரம், கொம்பு, தங்க எழுத்து. முதலாவது என் உரிமை. இரண்டாவது என் அவசரம். மூன்றாவது என் அகங்காரம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததால்தான் இவ்வளவு நாள் எனக்கே சரியா தவறா என்று தெரியவில்லை. மூட்டையைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது.

திருத்திய படிவம்

50-ஐ அடித்துவிட்டு 35 என்று எழுதினேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தாமானுக்குப் பக்கத்துத் திடலில் சனிக்கிழமை காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் சிலர் வில்வித்தை சொல்லிக் கொடுக்கிறோம். அங்கே படிவம் 4 படிக்கும் ஒரு தங்கச்சி வருகிறாள். அவளுடைய அம்பும் எப்போதும் இடது பக்கமே போகும். "சாரிண்ணா, நான் கொஞ்சம் ஸ்லோ" என்பாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனால் கேட்கவில்லை. எனக்கு நடந்ததே எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

அவளுடைய இழுப்பு நீளம் 26 அங்குலம். என் 29 அரை அங்குலத்தில் 35 பவுண்டு காட்டும் வில், அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு வீதம் குறைந்தால், அவள் கையில் 28 பவுண்டை ஒட்டி இருக்கும். கொஞ்சம் பயிற்சிக்குப் பிறகு தாராளமாக இழுக்கலாம். 50 பவுண்டு வில்லாக இருந்தால் அவளுக்கு 40-ஐ ஒட்டி வந்திருக்கும், தோள் போய்விடும். ஆக என் அகங்காரத்தைக் குறைத்ததும், பகிர முடியாது என்று நான் எழுதி வைத்திருந்த குறையும் தானாகவே குறைந்துவிட்டது. இதை நான் திட்டமிடவில்லை, கணக்குப் போட்டபோது வந்து நின்றது.

மரம், சாதாரண மூங்கிலும் கண்ணாடி இழையும். கொம்பு வேண்டாம். "பெயர் பொறிக்க வேண்டுமா?" என்ற கேள்விக்கு நேராக "வேண்டாம்" என்று எழுதினேன். அப்போது காண்டீபம் நினைவுக்கு வந்தது. காண்டவ வனத்தின்போது அக்னி தேவன் வருணனிடமிருந்து வாங்கி அர்ஜுனனுக்குக் கொடுத்த வில் அது. கடைசிப் பயணத்தில் அக்னியே வந்து திரும்பக் கேட்டபோது, அர்ஜுனன் அதை நீரில் விட்டு வருணனிடமே ஒப்படைத்தான். அத்தனை பெரிய வீரனுக்கும் அத்தனை பெரிய வில் இரவல்தான். என்னுடையது மட்டும் எனக்கே எனக்கா? நான் எய்து முடித்த பிறகு இன்னொரு இடக்கைக்காரர் கைக்குப் போகட்டும்.

புதிய விலை 1,050 ரிங்கிட். மீதிப் பணம் 750 அம்மாவிடம் கொடுத்தேன். மெஷினைப் பழுது பார்க்க ஆள் வந்தார், பெல்ட் மாற்றினார், இப்போது பிழிகிறது. வில் வருவதற்கு மூன்று மாதம் ஆகும். வந்ததும் நான் சாம்பியன் ஆகிவிடப் போவதில்லை. முதல் நாள் அம்பு எங்கே போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் தப்பாகப் போனால் அது என் தப்பாக இருக்கும், திருத்திக்கொள்ளலாம்.

அப்பாவிடம் திரும்பப் பேசினேன். இருக்கை தொழிலாளியின் இயல்பு இல்லை, யாரோ செய்து வைத்தது, மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். "பெரிய இன்ஜினியர் சொல்லிட்டாரு" என்று சிரித்தார். இரண்டு வாரம் கழித்து, தரையில் படுத்தபடியே, "இன்னைக்குக் கேட்டேன்டா. பார்க்கறோம்னு சொன்னாங்க" என்றார். மாறுமா என்று தெரியாது. 22 வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார். என் வில்லைவிட அது எனக்குப் பெரிய விஷயம்.

நம் பெரியவர்கள் வளைந்து கொடுத்து வளைந்து கொடுத்துத்தான் இந்த நாட்டில் நம்மைத் தலைநிமிர வைத்தார்கள். அந்தப் பொறுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மரத்துக்கு வளைந்தது எது, வழக்கத்துக்கு வளைந்தது எது என்று பிரித்துப் பார்க்கும் கடமை படித்த நமக்கு இருக்கிறது. கேட்பதற்கு முன்னால் நம் மூட்டையையும் பிரித்துப் பார்ப்போம். அகங்காரத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மீதியைத் தைரியமாகக் கேட்போம். நமக்காக மட்டும் அல்ல, கேட்கத் தோன்றாதவர்களுக்காகவும்.

போன சனிக்கிழமை அந்தத் தங்கச்சியிடம் போய், "உனக்கு எந்தக் கைம்மா பழக்கம்?" என்று கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். அப்புறம்தான் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.